யாருடைய பாதரசம்

எங்கள் ஊர் ஹெல்லுவிக்கில் இன்று முப்பது வயதைத் தாண்டியவர்களில் பாதிப் பேரைத் தாய் வயிற்றிலிருந்து வாங்கிய கைகள் ரன்வாவுடையவை. மலைக்கு அந்தப்புறம் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரியில் அவள் பிரசவம் பார்க்கும் நர்ஸ். பனி சரிந்து பாதை அடைபட்டுவிட்டால் அண்ணன் எய்துன் படகில் கொண்டுபோய் விடுவான். எய்துன் எங்கள் விரிகுடாவின் வேட்டைத் தலைவன். திமிங்கலக் கூட்டம் கண்ணில் பட்டால் படகுகள் எங்கே நிற்பது, எப்போது கரைப்பக்கம் ஓட்டுவது எல்லாம் அவன் சொல்படிதான். பிறக்கிறது தங்கச்சி கையில், தின்கிறது அண்ணன் கையில் என்று ஊரில் கேலி பேசுவார்கள். நான் போஸ்ட்மாஸ்டர். என் வீடு அந்த இருவர் வீட்டுக்கும் நடுவில் இருந்தது. அதனால் இருபக்கத்துச் சண்டையும் எனக்குச் சுவர் வழியாகவே வந்துவிடும்.

1986 கோடையில் தலைநகரிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். வட கடலில் கிடக்கும் எங்கள் ஃபாரோ தீவுகளில் பிறந்தவர்தான், வெளியே படித்தவர். திமிங்கல இறைச்சியில் பாதரசம் இருக்கிறது, அது வயிற்றுப் பிள்ளைக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். அதற்கு ஒவ்வொரு பிரசவத்திலும் தொப்புள்கொடி ரத்தம் கொஞ்சம், தாயின் பின்னந்தலையிலிருந்து ஒரு கொத்து முடி வேண்டும். ரன்வா உடனே ஒத்துக்கொண்டாள். பாதரசத்துக்குப் பயந்து அல்ல. ஆயிரம் வருடமாகத் தின்கிறோம், ஒன்றும் இல்லை என்று எழுத்தில் வந்துவிட்டால் வெளிநாட்டுக்காரன் வாயை அடைக்கலாம் என்பது அவள் எண்ணம். அப்போது அவளே நான்கு மாதம் முழுகாமல் இருந்தாள். கணவன் சாமல் கிரீன்லாந்துப் பக்கம் மீன்பிடிக் கப்பலில் இருந்தான். தங்கச்சிக்கு ரத்தம் ஊற வேண்டும் என்று எய்துன் தன் பங்கிலிருந்து நல்ல துண்டாக எடுத்து அனுப்புவான். கருத்த இறைச்சி, கூடவே உப்பிட்ட கொழுப்பு, உருளைக்கிழங்கு. வாரத்துக்கு மூன்று நாள் அதுதான் அவளுக்குச் சாப்பாடு.

அந்த வருடம் முழுக்க மற்றவர்களின் முடியை வெட்டி நூலால் கட்டி, பெயர் எழுதி, உறையில் போட்டு என்னிடம் கொண்டுவந்தாள். டிசம்பரில் மகன் ரோய் பிறந்தபோது, அவனுடைய தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்துக் குழாயில் அடைக்கச் சொல்லிக் கட்டிலில் படுத்தபடியே இன்னொரு நர்ஸை விரட்டினாளாம்.

ரோய்க்கு ஏழு வயதானபோது, அந்த வருடத்துப் பிள்ளைகள் எல்லோரையும் சோதனைக்கு அழைத்தார்கள். கட்டத்தைப் பார்த்து வரைய வேண்டும், விரலால் வேகமாகத் தட்ட வேண்டும், படத்தைக் காட்டினால் பெயர் சொல்ல வேண்டும். ரோய் நல்ல பையன், வம்புதும்புக்குப் போகாதவன். ஆனால் பேச்சில் சில சமயம் சொல் கிடைக்காமல் நின்றுவிடுவான். ஏணிப் படத்தைக் காட்டியபோது, "மேல ஏறுறது... ஏறுறதுக்கு" என்று சொல்லிவிட்டு அம்மா முகத்தைப் பார்த்தான். எங்கள் வீட்டுப் பரணில் ஏறியிறங்கி விளையாடுகிறவன். அவனுக்கு ஏணி தெரியாதா?

முடிவுகள் வெளியே வர இன்னும் நான்கு வருடம் ஆனது. தாயிடம் பாதரசம் கூடியிருந்த அளவுக்குப் பிள்ளைகளின் ஞாபகமும் கவனமும் சொல்வளமும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்திருந்தன. நோய் என்று சொல்லும் அளவு இல்லை. ஒரு வகுப்பில் ஒரு சில மாதம் பின்தங்கினாற்போல. டாக்டர் இதைச் சொல்லத் தானே ஆஸ்பத்திரிக்கு வந்தார். ரன்வா ரோயின் சோதனைக் காகிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இவனுக்கு இப்படி இருக்கிறது அதனாலதானா?"

"ஒரு பிள்ளையை வச்சுச் சொல்ல முடியாதுங்க. ஆயிரம் பேரைச் சேர்த்துப் பாத்தாத்தான் தெரியும். இவன் சுபாவமே இப்படியா, இல்ல அதனாலயான்னு யாராலயும் சொல்ல முடியாது."

"ஆயிரம் பேருக்கு நான் அம்மா இல்லையே டாக்டர். ஒருத்தனுக்குத்தான அம்மா."

டாக்டர் நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர். அந்த நல்லகுணம்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். இல்லை என்றிருந்தால் எழுந்து போயிருப்பாள். இரண்டும் இல்லாமல் இருபத்தைந்து வருடம் நிற்க வேண்டியதாயிற்று.

சரி, இது எங்கிருந்து வந்தது என்று அவரிடமே கேட்டாள். இங்கே தொழிற்சாலை இல்லை, சுரங்கம் இல்லை, இருக்கிறதெல்லாம் ஆடும் மழையும்தான். அவர் சொன்னதை அன்று மாலை என் தபால் மேசைமேல் விரலால் கோடு போட்டு எனக்குச் சொன்னாள். உலகம் முழுக்க மின்சாரத்துக்கு நிலக்கரி எரிக்கிறார்கள். அந்தப் புகையில் பாதரசம் ஆவியாகப் போகிறது. ஆற்று மண்ணில் தங்கம் அரிக்கிறவர்கள் பொன்னைத் திரட்டப் பாதரசம் ஊற்றிக் காய்ச்சுகிறார்கள். அதுவும் காற்றில் போகிறது, ஆற்றிலும் போகிறது. எரிமலையும் தன் பங்குக்குக் கொஞ்சம் விடுகிறது, ஆனால் மனிதன் விட்டதுதான் கடலில் ஏறிக்கொண்டே போகிறது. காற்றில் போனது வருடக்கணக்கில் சுற்றி, மழையோடு கடலில் விழுகிறது. கடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதை உடம்பில் ஒட்டும் விஷமாக மாற்றிவிடுகின்றன. அதைப் பாசி எடுக்கிறது, பாசியைப் பொடிப்பூச்சி தின்கிறது, அதைச் சின்ன மீனும், சின்ன மீனைக் கணவாயும், கணவாயைத் திமிங்கலமும். ஒவ்வொரு வாயிலும் விஷம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. திமிங்கலம் முப்பது நாற்பது வருடம் தின்று சேர்த்து வைக்கிறது.

"கடைசி வாய் நாமதான்" என்றாள். "எவனோ எங்கயோ அடுப்பு மூட்டியிருக்கான். கரி என் பிள்ளை மேல படிஞ்சிருக்கு."

அடுத்த வருடமே கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்றுக்கொள்ள இருப்பவர்களும் திமிங்கல இறைச்சி தின்ன வேண்டாம், காட் மீன் தின்னலாம், அதில் பாதரசம் குறைவு என்று அறிவுரை வந்தது. பிரசவத்துக்கு வரும் பெண்களிடம் அதைச் சொல்லும் வேலை ரன்வாவுடையது. பாதிப் பேர் தலையாட்டிவிட்டுப் போய் மாமியார் வைத்ததைத் தின்றார்கள். மாமியார்களோ இவளைத் தெருவில் நிறுத்தி, எங்களுக்கு நீ பிரசவம் பார்த்தபோது தட்டுத் தட்டாகத் தின்னச் சொன்னாயே, இப்போது என்ன வந்தது என்று கேட்டார்கள். அவள் அப்படிச் சொன்னது உண்மைதான்.

எய்துனின் மகள் துரீ அப்போது முதல் பிள்ளை உண்டாகியிருந்தாள். செப்டம்பரில் விரிகுடாவுக்கு எழுபது திமிங்கலம் வந்தது. பங்கு பிரித்த மறுநாள் மதியம் எய்துன் மகளுக்காக ஒரு பானை வேகவைத்துக்கொண்டிருந்தான். ரன்வா ஆஸ்பத்திரி உடுப்போடு அப்படியே உள்ளே வந்து, துணியால் பிடித்துப் பானையை அடுப்பிலிருந்து இறக்கிக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டாள். நான் வேலி ஓரத்தில் நின்றிருந்தேன். பானையிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

"என் வீட்டுப் பானைல கை வைக்க நீ யாருடி?" என்றான் எய்துன்.

"இவளுக்குப் பிரசவம் பாக்கப்போறவ."

"உனக்குக் குடுத்ததும் இதே கைதான். அப்ப கசக்கலியா?"

"அதைத்தாண்ணே சொல்றேன். எனக்குக் குடுத்ததும் இதே கைதான்."

அவள் அப்படிச் சொல்ல நினைக்கவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள். ஆனால் சொல்லியாகிவிட்டது. தங்கைக்குப் பார்த்துப் பார்த்து நல்ல துண்டாக அனுப்பியவன் அவன். துரீ இடையில் புகுந்து, நீங்க ரெண்டு பேரும் என்னைக் கேக்காமலே எனக்காகச் சண்டை போடுறீங்க, நான் உருளைக்கிழங்கு தின்னுக்கிறேன் என்றாள். எய்துன் வெளியே போய்ப் பானையை எடுத்துக்கொண்டு படகுக்கொட்டகைக்குப் போனான். அங்கே தனியாக உட்கார்ந்து முழுவதையும் தின்றானாம். அதன்பின் ஒன்பது வருடம் அவன் தங்கையோடு பேசவில்லை. பனி அடைத்தால் படகு மட்டும் வரும். ஏறுவாள், இறங்குவாள், இருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல்தான் ரன்வா எழுத ஆரம்பித்தாள். நிலக்கரி எரிக்கும் நாடுகளின் அமைச்சகங்களுக்கு, மின்சாரக் கம்பெனிகளுக்கு, தங்கம் வாங்கி விற்கிறவர்களுக்கு. டேனிஷ் மொழியில் எழுதி, பள்ளிக்கூடத்து ஆசிரியையிடம் கொடுத்து ஆங்கிலத்தில் மாற்றுவாள். ஒரே கேள்விதான். எங்கள் கடலில் இருப்பதில் எவ்வளவு உங்களுடையது? மூன்றில் இரண்டுக்குப் பதிலே வராது. வந்த பதில்களை என் மேசையிலேயே பிரித்துப் படிப்பாள். எங்கள் புகை அனுமதித்த அளவுக்குள் இருக்கிறது. உங்கள் அக்கறையைப் பாராட்டுகிறோம். உங்கள் கேள்வி எங்கள் துறையின் எல்லைக்குள் வராது. ஒரு நாட்டுக்காரர்கள் தங்கள் பாதரசம் பெரும்பாலும் பக்கத்து நாட்டிலிருந்து வருகிறது என்று எழுதியிருந்தார்கள். பக்கத்து நாட்டுக்கும் ஏற்கெனவே எழுதியிருந்தாள். அவர்கள் முதல் நாட்டைக் கைகாட்டியிருந்தார்கள். இரண்டு காகிதத்தையும் அடுத்தடுத்து வைத்து, "இவங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் பண்ணி வைக்கலாம்" என்றாள். சிரிக்கவில்லை.

பிறகு வேட்டையை எதிர்க்கும் வெளிநாட்டு ஆட்கள் ஒரு கப்பலில் வந்தார்கள். இவளைப் பற்றி எப்படியோ தெரிந்திருந்தது. நல்ல மழைக்கோட்டு போட்ட ஒரு பெண்ணும் கேமராக்காரனும் வாசலில் வந்து நின்று, விஷம் தீண்டிய குழந்தையின் தாயாக நீங்கள் எங்களோடு கரையில் நிற்க வேண்டும் என்று கேட்டார்கள். ரன்வா அவர்களை உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். உங்கள் ஊரில் மின்சாரம் எதில் வருகிறது என்று கேட்டாள். அந்தப் பெண் உண்மையாகவே யோசித்துவிட்டு, பெரும்பாலும் நிலக்கரி என்றாள்.

"அப்ப நீங்க உங்க ஊர்ல போய் நில்லுங்கம்மா. நான் வந்து பக்கத்துல நிக்கிறேன்."

அவர்கள் போய்விட்டார்கள். ஆனால் காபி குடித்ததை ஊர் பார்த்திருந்தது. வெளிநாட்டானுக்கு விருந்து வைத்தாள் என்று மறுநாள் பேச்சு. அவள் வீட்டு வேலியில் யாரோ அழுகிய திமிங்கலக் குடலைத் தொங்கவிட்டுப் போனார்கள். கப்பல்காரர்களோ, உண்மையைச் சொல்லப் பயந்து ஒளிந்துகொள்ளும் தாய் என்று ஏதோ பத்திரிகையில் எழுதினார்கள். ஒரே வாரத்தில் இரண்டு பக்கமும் அவளைத் துரோகி ஆக்கிவிட்டது. குடலைக் கழற்றிக் கடலில் எறிந்தது எய்துன் என்று எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லாதே என்று என்னைக் கேட்டுக்கொண்டான். நானும் அந்த அசட்டுச் சத்தியத்தைக் காப்பாற்றினேன்.

2008இல் தலைமை மருத்துவர்கள் திமிங்கலம் இனி யாருக்குமே உணவுக்கு ஏற்றதல்ல என்று சொன்னார்கள். வானொலியில் அதைக் கேட்டபோது எய்துன் தபால் வாங்க என் மேசைமுன் நின்றிருந்தான். வந்த தபாலை மேசையிலேயே விட்டுவிட்டு நேராகத் தங்கை வீட்டுக்குப் போய், கதவைத் தட்டாமல் உள்ளே நுழைந்து, காபி இருக்கிறதா என்று கேட்டானாம். ஒன்பது வருடத்தில் முதல் பேச்சு அது. மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை, இருவருமே. வேட்டையையும் அவன் விடவில்லை. இறைச்சியையும் விடவில்லை. என் வயிறு என் பாடு என்பான். ஆனால் துரீ வீட்டுக்குப் பங்கு அனுப்புவதை நிறுத்தினான்.

சில வருடம் கழித்துப் பாதரசத்தைக் குறைக்க நாடுகளெல்லாம் சேர்ந்து உடன்படிக்கை செய்தன. அதை ஒட்டி ஒரு பெரிய நகரத்தில் நடந்த கூட்டத்துக்கு ரன்வாவுக்கு அழைப்பு வந்தது. மூன்று நிமிடம் பேசலாம். அவள் அடுப்படியில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நாற்பது தடவை பேசிப் பார்த்தாள். துணைக்கு ரோயையும் கூட்டிப்போனாள். அவனுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. சால்மன் பண்ணையில் வலை பார்க்கும் வேலை, கைத்திறமையான ஆள். பேசும்போது மட்டும் இடையிடையே நின்று தேடுவான். கூட இருக்கிறவர்கள் பொறுமையாக இருந்தால் சொல் வந்துவிடும்.

அங்கே அவளுக்கு முன்னால் பேசிய ஒரு நாட்டுப் பிரதிநிதி பதினோரு நிமிடம் பேசினார். அதனால் இவளுடைய மூன்று நிமிடம் ஒன்றரையாகிவிட்டது. அவள் எழுதி வைத்ததை மடித்துவிட்டு, ரோயைக் கைகாட்டினாள். இவன் என் மகன், ஏழு வயதில் ஏணிக்குப் பெயர் சொல்ல முடியாமல் நின்றவன், இதில் என் பங்கு உண்டு என்று ஒரு கையாவது உயருமா என்று கேட்டாள். மொழிபெயர்ப்பு எல்லோருடைய காதுக்கருவியிலும் போய் முடிவதற்குள் மணி அடித்தது. தலைவர் நன்றி சொல்லிவிட்டு, சாப்பாடு முதல் மாடியில் என்று அறிவித்தார். அங்கே தட்டில் வைத்திருந்தது சூரை மீனாம், அதுவும் பாதரசம் சேரும் மீன்தான்.

ரோய் ஊர் திரும்பி வீட்டுக்கு வந்ததும்தான் கேட்டான். நான் அவர்கள் பெட்டியைத் தூக்கி வந்திருந்தேன், கதவருகே நின்றிருந்தேன்.

"நான் என்ன உன் சாம்பிளாம்மா?"

"ரோய்..."

"முந்நூறு பேர் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. மூளை இல்லாதவனைப் பாக்குற மாதிரி. நான் நல்லாத்தான் இருக்கேன். வேலை பாக்குறேன், வீடு கட்டுறேன். உனக்குத்தான் நான் இன்னும்..." சொல் வரவில்லை. அவள் வாயைத் திறந்தாள். எடுத்துக்கொடுக்கத்தான் திறந்தாள் என்று நினைக்கிறேன். அவன் கையைக் காட்டித் தடுத்தான். நாங்கள் மூவரும் காத்திருந்தோம். "இன்னும் குழாய்ல அடைச்ச ரத்தமாவே இருக்கேன்" என்று முடித்தான்.

ரன்வா பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். மகனுக்கு அநியாயம் செய்தவனைத் தேடித் தேடி, மகனையே மேடையில் ஏற்றிவிட்டதாக அன்று அவளுக்கு உறைத்தது. அதன்பின் அவனைப் பற்றி எங்கும் பேசவில்லை, எழுதவுமில்லை. அவனும் இரண்டு மாதம் கழித்து ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வர ஆரம்பித்தான். அவ்வளவுதான். அந்தக் காயம் முழுசாக ஆறியது என்று நான் சொல்ல மாட்டேன்.

அவள் ஓய்வுபெற்ற வருடம் பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு விழா வைத்தார்கள். சுகாதாரத் துறையிலிருந்து வந்த ஒருவர் திரையில் ஒரு வரைபடக் கோட்டைக் காட்டினார். இளம் பெண்களின் முடியில் இருக்கும் பாதரசம் முன்பிருந்ததில் சிறு பங்காகிவிட்டது. பெண்கள் தின்பதை நிறுத்தியதால் வந்த வெற்றி. இதில் ரன்வாவின் உழைப்புக்கு ஊர் கடன்பட்டிருக்கிறது என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். இருபது வருடத்துக்கு முன் தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்ட மாமியார்களும் தட்டினார்கள். பூச்செண்டு கொடுத்தார்கள். அவள் வாங்கிக்கொண்டு, திமிங்கலத்தின் கோடு எங்கே என்று கேட்டாள்.

அதைக் கொண்டுவரவில்லை என்றார் அவர். இன்றைக்குத் தலைப்பு தாய்மார்கள்.

"குறைஞ்சிருந்தா கொண்டுவந்திருப்பீங்க" என்றாள் ரன்வா. "பொம்பளைங்க தட்டைத் தள்ளி வச்சாங்க, அதனால பொம்பளைங்க முடி சுத்தமாச்சு. கடல் என்னாச்சு? புகை விட்டவன் ஒரு பிடி குறைச்சானா? விட்டுக்குடுத்தவ எங்க ஊர்க்காரி. வெற்றின்னு நீங்க கோடு போடுறீங்க."

மண்டபம் சங்கடப்பட்டது. விழாவில்கூட இவளுக்கு நல்ல முகம் காட்டத் தெரியாதா என்று என் பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். எனக்கே அப்படித்தான் தோன்றியது, ஒளிப்பானேன். கேக் வெட்டி முடிவதற்குள் அவள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கடைசி வரிசையில் இருந்த எய்துன் எழுந்து பின்னாலேயே போனான். வாசலில் அவளிடம் பேசியதை மறுநாள் அவனே சொன்னான். கூட்டம் கூட்டமாக நான்தான் கரைக்குக் கொண்டுவருகிறேன், ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வெட்டி டப்பாவில் போட்டால் போதுமா, எங்கே வெட்ட வேண்டும் காட்டு என்று கேட்டிருக்கிறான். அவள், முதுகுத் துடுப்புக்குப் பின்னால், கொழுப்பு ஒட்டாமல் என்றாளாம்.

அப்படித்தான் எழுபது வயது அண்ணனும் அறுபத்தெட்டு வயதுத் தங்கையும் ஒன்றாக வேலை செய்ய ஆரம்பித்தார்கள். வேட்டை முடிந்ததும் அவன் ரப்பர் பூட்ஸோடு திமிங்கலம் திமிங்கலமாகப் போய் வெட்டுவான். அவள் நீளத்தை அளந்து எழுதுவாள். ஆய்வுக்கூடத்திலிருந்து வரும் எண்களை வருடவாரியாக ஒரு பெரிய தாளில் அவளே கோடாகப் போட்டு, கூட்டுறவுக் கடையின் சுவரில் ஒட்டினாள். கடைக்காரன் இரண்டு தடவை கிழித்தான். மூன்றாவது தடவை எய்துன் பக்கத்தில் நின்று ஒட்டினான், அது நின்றது.

ஐந்து வருடத்துக் கோடு இப்போது அங்கே இருக்கிறது. ஒரு வருடம் கொஞ்சம் இறங்கியது. ரன்வா யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஒரு வாரம் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அந்த வருடம் வந்த கூட்டத்தில் குட்டிகள் அதிகம், வயது குறைந்தால் விஷமும் குறைவாகத்தான் இருக்கும் என்று ஆய்வுக்கூடத்திலிருந்து எழுதினார்கள். அடுத்த வருடம் பழைய இடத்துக்கே ஏறிவிட்டது. போன வாரம் பால் வாங்கப் போனபோது, அவள் ஏணிமேல் நின்று புதுப் புள்ளியை வைத்துக்கொண்டிருந்தாள். எய்துன் கீழே ஏணியைப் பிடித்திருந்தான். குறைந்ததா என்று கேட்டேன்.

"கண்ணு தெரியலியா உனக்கு?" என்று சிடுசிடுத்துவிட்டு, அடுத்த வருடத்துக்கு இடம் போதாது, தாளை இந்தப் பக்கம் நீட்டி ஒட்ட வேண்டும் என்று அண்ணனிடம் சொன்னாள்.